ஷ்னைடரைத் தேடினால் டெய்லரையும் பாருங்கள்
பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் மூதாதையரைத் தேடுகிறீர்களா? குடும்பப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேடுங்கள். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மன் ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் கப்பல் பட்டியலில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் காதில் விழுந்தபடிதான் ஏறின, அப்படித்தான் ஹூபர் ஹூவர் ஆனது, ஷ்னைடர் ஸ்னைடர் ஆனது, ஷ்னைடர் என்றால் தையல்காரர் என்பதால் சிலர் மொழிபெயர்த்து டெய்லராகவே ஆகிவிட்டார்கள். பாலட்டினேட் என்ற ஜெர்மன் பகுதியின் பேச்சில் நம்ம 'ப', 'ட', 'க' மாதிரி வல்லொலியும் மெல்லொலியும் கலக்கும், அதனால் P/B, T/D, K/G என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள். பெண் என்றால் ஷ்னைடரின் என்று 'இன்' ஒட்டியிருக்கலாம். அப்புறம், உறுதிமொழித் தாள் கிடைத்தால் விடாதீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் அதில் தாங்களே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.