புதிய சோழர் கால நூலை வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

சோழர் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களும், எளிய நடையில் எழுதப்பட்ட வரலாற்று நூல்களும் இன்று தொடர்ந்து வெளிவருகின்றன. எதை வாங்குவதென்று தயங்கினால், முதலாம் இராசராசனின் அண்ணனான இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை பேசப்படும் பக்கங்களை முதலில் புரட்டிப் பாருங்கள்.

அக்கொலைக்கு நேரான சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டாகும். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டும் அக்கல்வெட்டு, அவர்களும் உறவினரும் உடைமைகளை இழந்ததைத் தெரிவிக்கிறது. ஏன் கொன்றார்கள், தூண்டியவர் யார் என்பதைத் தெரிவிக்கவில்லை. இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்கு அரியணையில் ஆசை இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறதே ஒழிய, கொலைப் பழியை அவன்மேல் சுமத்தவில்லை. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பது நாவலாசிரியரின் உரிமை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி படைத்த நந்தினி அவ்வாறு பிறந்தவள்தான். வரலாற்று நூலாசிரியரோ, கல்வெட்டு எங்கே முடிகிறது, தம் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று காட்டியாக வேண்டும். காட்டாத நூலை நான் வாங்குவதில்லை.

நாவலாயின், அடுத்து அடுக்களைக் காட்சி ஒன்றைத் தேடிப் படியுங்கள். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே நம் நாட்டுக்கு வந்தவை. ஆகவே இராசராசன் காலத்துக் குழம்பில் காரம் மிளகிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பொன்னைக் கழஞ்சிலும், நெல்லைக் கலத்திலும் மரக்காலிலும் அளக்கும் ஆசிரியர் கல்வெட்டுகளைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம்.

வாங்கிய நூலைப் படிக்கும்போது, தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்கள் அச்சாகியுள்ள ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 2ஆம் தொகுதியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பத்துப் பக்கம் படிக்க வேண்டியதில்லை, முதல் சாசனமே போதும். கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் மன்னன், ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்கிறான். தன்னை அடுத்துத் தமக்கை குந்தவையையும், அவளுக்குப் பின்னரே தன் தேவியரையும் வைக்கிறான். கையிலுள்ள நாவலில் அந்தத் தமக்கைக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்று இந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.