மிட்வே கப்பலில் விமானம் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் நேவி பியர் எனும் படகுத்துறை ஓரமாக நிற்கிறது யுஎஸ்எஸ் மிட்வே. 1945 முதல் 1992 வரை பணியில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் இது. 2004 ஜூனில் அருங்காட்சியகமானது. ஏறத்தாழ 30 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இருக்கின்றன. வருகிறவர்களில் பலர் கீழ்த்தளங்களின் படுக்கைகளையும் சமையலறைகளையும் பார்த்தே களைத்துப்போய், மேலே வரும்போது கால் வலியோடு நிற்கிறார்கள். விமானம்தான் உங்கள் குறி என்றால் வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

திறப்பது காலை 10 மணி, மூடுவது மாலை 5. நான்கு மணிக்குப் பிறகு உள்ளே விடுவதில்லை. சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட்டுப் பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். காரில் வந்தால் நிறுத்தக் கொடுக்கும் பணம் கடுப்பேற்றும். ட்ராலி எனும் நகர ரயிலில் வந்து சான்டா ஃபே டெப்போ நிலையத்தில் இறங்கினால் கடற்கரையோரமாகப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். மே, ஜூன் மாதங்களில் காலையில் கடல் மூட்டம் இருக்கும். சோர்ந்துவிடாதீர்கள், படம் எடுப்பதற்கு அதுதான் நல்ல வெளிச்சம். நண்பகலில் கருநீல விமானத்தைப் பிடித்தால் பாதி கருப்பாகவும் பாதி வெள்ளையாகவும்தான் வரும்.

மேல்தளத்தில் நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், கட்டிய ஷூ மூன்றும் வேண்டும். தளத்தில் கால் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பூச்சு அடித்திருக்கிறார்கள். விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். விமானங்களைச் சங்கிலியால் கட்டுவதற்கான குழிகள் தளமெங்கும் இருப்பதால் குதிகால் செருப்பு மாட்டிக்கொள்ளும். கீழே செல்லும் ஏணிப்படிகள் செங்குத்தானவை. இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். சேலையோடு இது பெரும்பாடு. மேல்தளத்துக்கும் விமானக் கொட்டகைத் தளத்துக்கும் லிஃப்ட் உண்டு என்பதால் பெரியவர்கள் விமானங்களைத் தவறவிட வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் நேராக மேல்தளத்துக்குப் போங்கள். முதல் வேலை, கப்பலின் கோபுரத்துக்குள் அழைத்துப்போகும் வரிசையில் நிற்பது. சிறு சிறு குழுவாகத்தான் விடுவார்கள், நண்பகலுக்குள் வரிசை வால்போல நீண்டுவிடும். அதை முடித்துக்கொண்டு, விமானத்தை எப்படி எறிகிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தொண்டர்கள் சொல்லும் விளக்கத்துக்கு உட்காருங்கள். பலர் முன்னாள் கடற்படையினர், கேள்வி கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். இதைக் கேட்காமல் விமானங்களைச் சுற்றினால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

காரணம் எளிது. தரையிலுள்ள விமானத்துக்கு ஓடுபாதை கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. இங்கே நீராவிக் கவண் ஏறத்தாழ இரண்டு நொடியில் விமானத்தைக் கடலுக்கு மேல் எறிகிறது, இறங்கும்போது தளத்தின் குறுக்கே கட்டிய இரும்புக் கம்பி வாலில் தொங்கும் கொக்கியைப் பிடித்து நிறுத்துகிறது. சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் விமானி எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் மறுபடி பறந்தாக வேண்டும் அல்லவா! ஆகவே ஒவ்வொரு விமானத்திடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எதைப் பிடித்து எறிந்தார்கள், எதைக் கொண்டு நிறுத்தினார்கள், இடமில்லாத இடத்தில் எப்படிச் சுருங்கி நின்றது?

முதல் கேள்விக்கு விடை முன்சக்கரத்தில் இருக்கிறது. ஏ-6 இன்ட்ரூடர், எஃப்-14 டாம்கேட், எஃப்/ஏ-18 ஹார்னெட் ஆகியவற்றின் முன்சக்கரக் காலில் கவணோடு கோத்துக்கொள்ளும் ஒரு தண்டு மடிந்திருக்கும். எஃப்-4 ஃபான்டமிலும் ஏ-4 ஸ்கைஹாக்கிலும் அதைத் தேடாதீர்கள், கிடையாது. அவற்றின் வயிற்றடியில் இருக்கும் கொக்கிகளில் எஃகு வடத்தை மாட்டிக் கவணோடு இணைத்தார்கள். குனிந்து பார்த்தால் அந்தக் கொக்கிகள் தெரியும். வாலடிக் கொக்கியைக் கண்டுபிடிப்பது சுலபம், கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த தடிமனான தண்டு.

இறக்கை மடிப்பில்தான் வேடிக்கை அதிகம். ஸ்கைஹாக்குக்கு மடிப்பே இல்லை. 8.4 மீட்டர் அகலம்தான் என்பதால் அப்படியே கொட்டகைக்குள் நுழைந்துவிடும். டாம்கேட் பறக்கும்போது இறக்கையை 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னுக்கு இழுக்கும். தளத்தில் நிறுத்தும்போது 75 பாகை. எஃப்-8 க்ரூசேடரில் இறக்கை முழுவதும் முன்பக்கம் 7 பாகை உயரும். உடல் நிமிராமல் இறக்கை மட்டும் நிமிர்வதால் மெதுவாக இறங்கும்போதும் விமானிக்குத் தளம் தெரிந்தது. பெரிய ஏ-3 ஸ்கைவாரியரில், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கை கிடையாது.

ஒரு எச்சரிக்கை: தளத்தில் நிற்பதெல்லாம் இந்தக் கப்பலில் பறந்ததல்ல. டாம்கேட் படையணி மிட்வேயில் பணியாற்றியதே இல்லை. ஃபான்டமுக்குப் பதிலாக 1986இல் ஹார்னெட்தான் வந்தது. 66 என்று எழுதிய சீ கிங் ஹெலிகாப்டரைப் பார்த்து அப்போலோ 11 வீரர்களைக் கடலிலிருந்து தூக்கியது இதுதான் என்று படம் எடுத்துக்கொள்வார்கள். அசல் 66, 1975இல் கடலில் விழுந்துபோனது, இது அதன் வண்ணத்தில் நிற்கும் இன்னொன்று. சிறிய ஓ-1 பேர்ட் டாகும் அப்படித்தான். 1975இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வடவியட்நாமிடம் விழுந்தபோது, தென்வியட்நாம் மேஜர் புவாங் லீ மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, கொக்கியே இல்லாத அந்தக் குட்டி விமானத்தை இதே தளத்தில் இறக்கினார். இடம் கொடுப்பதற்காக மிட்வேயின் கேப்டன் லாரன்ஸ் சேம்பர்ஸ் ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். அந்த விமானம் இப்போது ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் உள்ளது. தளம் மட்டும் அசல்.

வெயில் ஏறியதும் கொட்டகைத் தளத்துக்கு இறங்குங்கள். இரண்டாம் உலகப் போர் விமானங்கள் இங்கே. டான்ட்லஸ் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைப் பின்விளிம்பில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகட்டைப் பாருங்கள். செங்குத்தாகப் பாயும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு அது. கப்பலுக்குப் பெயர் தந்த 1942 ஜூன் மிட்வே போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகளையும் வீழ்த்தியது டான்ட்லஸ் வகைதான். அதற்கு இறக்கை மடங்காது. பக்கத்திலிருக்கும் அவெஞ்சருக்கு மடங்கும், அதுவும் பறவை சிறகை உடலோடு ஒட்டிக்கொள்வதுபோல. விமானத் தயாரிப்பாளர் லெராய் கிரம்மன் ஓர் அழிப்பான் கட்டியில் பேப்பர் கிளிப்பைக் குத்தித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்த மடிப்பு என்பார்கள். இவ்வகைப் பழைய விமானங்களில் பல மிஷிகன் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டவை. போர்க்காலத்தில் அந்த ஏரியில் இரண்டு பயிற்சி விமானந்தாங்கிகள் ஓடின, தவறி விழுந்த விமானங்கள் நன்னீரில் அதிகம் துருப்பிடிக்காமல் கிடந்தன.

சில விமானி அறைகளில் நீங்களே உட்காரலாம். குழந்தைகள் வந்தால் இங்கேதான் நேரம் போகும். அசையும் சிமுலேட்டர்களுக்குத் தனிக் கட்டணம். கீழ்த்தளங்களைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டோடு வரும் ஒலிவழிகாட்டி அங்கேதான் அதிகம் உதவும். மொத்தம் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமானால் கீழ்த்தளத்தை விட்டுவிடலாம், மேல்தளத்தை விடாதீர்கள்.

இந்தியாவில் இதற்கு இணை மும்பையில் இருந்தது. ஐஎன்எஸ் விக்ராந்த் 2012 வரை அருங்காட்சியகமாக நின்றது, பிறகு உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து பறந்த சீ ஹாக், அலிசே வகை விமானங்களைக் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கேயும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள், முதலில் வால் பக்கம் போய்க் கொக்கியைத் தேடுங்கள்.