மெத்தை வாங்கியதால்தான் தூக்கம் வந்ததா? வாட்ச் கட்டியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில் நிற்கும்போது, கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தம்பி ஒருவர், கையில் கட்டிய வாட்ச் தூக்கத்துக்குப் போட்ட மார்க்கைக் காட்டப் போனை நீட்டினார். "அண்ணே, நேத்து தூக்கத்துக்கு 52 மார்க்தான் வந்திருக்கு. மாத்திரை ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், தலையணையை மாத்திட்டேன், இனிமே சாயங்காலம் காபியும் கிடையாது." கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

சார்ஜ் போட மறப்பது, பட்டையைத் தளர்வாகக் கட்டுவது இதையெல்லாம் எழுதப் போவதில்லை. இரண்டு நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மோசமான நாளில் முடிவெடுப்பது

எனக்கு 38,000 ரூபாய் செலவு வைத்த தவறு இது. இன்னும் ஆறவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. அந்த வருஷம் ஆடி மாதத்தில் என் தூக்கம் திடீரென்று சரிந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அது 4 மணி 40 நிமிடத்துக்கு வந்து நின்றது. நாலு நாள் எக்செல் ஷீட்டில் அந்தச் சிவப்புக் கட்டங்களைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கடைக்குப் போய்ப் புது மெத்தைக்குச் சொல்லிவிட்டேன், பன்னிரண்டு மாதத் தவணையில். மெத்தை வந்தது, முதல் ராத்திரியே 6 மணி 20 நிமிடம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு ஆபீஸில் இரண்டு பேர் வாங்கினார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஆடி வந்தது. அதே மெத்தை, அதே அறை, 4 மணி 35 நிமிடம். அப்போதுதான் பழைய ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அடுத்த தெரு அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா, விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டு. திருவிழா முடிந்த மறுநாளே என் தூக்கம் 6 மணி 5 நிமிடத்துக்குத் திரும்பியிருக்கிறது. மெத்தை வீட்டுக்கு வந்ததே அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான்! கடைசித் தவணையும் அந்த மாதம்தான் கட்டினேன்.

பாட்டுச் சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அதுவும் ஒரு காரணம் என்று தோன்றவே இல்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தை கண்ணெதிரே குழி விழுந்து கிடந்தது, பழியை அதன் மேல் போட்டுவிட்டேன்.

திருவிழா மாதிரி வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் இதே கதை நடக்கும். எண்கள் ஏறும், இறங்கும். ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் சுமாரான நாளாகத்தான் இருக்கும். 1886-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக, ஊர் சராசரிக்குப் பக்கமாக வருகிறார்கள் என்று காட்டினார். தூக்கமும் பிபியும் அப்படித்தான். நாம் மருந்தோ மெத்தையோ தேடி ஓடுவது மோசமான நாளில், எண் தானாகத் திரும்பப் போகிற நேரத்தில். அதனால் எதை வாங்கினாலும் வேலை செய்த மாதிரியே தெரியும்.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் 14 நாள் எதையும் மாற்றுவதில்லை, வெறுமனே எழுதுகிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்: கரண்ட் கட், விருந்தாளி, பல்வலி, கோயில் பாட்டு, எதுவானாலும். பிறகு ஒரே ஒரு மாற்றம், இரண்டு வாரம். அப்புறம் அதை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு வாரம். சாயங்காலக் காபியை இப்படித்தான் பிடித்தேன். நிறுத்தினால் சீக்கிரம் கண் அசந்தது, மறுபடி குடித்தால் பன்னிரண்டு மணி வரை புரண்டேன், திரும்பவும் நிறுத்தினால் அசந்தது. காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பொதுவாக ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால் இதில் அதிசயமும் இல்லை. (டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். அது வேறு விஷயம்.)

மெத்தையையும் சோதிக்காமல் விடவில்லை. இரண்டு வாரம் பாயில் படுத்தேன். சராசரி 6 மணி 12 நிமிடம்.

"ஆழ்ந்த தூக்கம் 47 நிமிடம்தான்!"

தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையலையைப் பார்த்துத்தான் எது ஆழ்ந்த தூக்கம் என்று சொல்வார்கள். மணிக்கட்டில் இருக்கும் வாட்ச், கை அசைவையும் பச்சை வெளிச்சத்தில் எடுத்த நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பது ஓரளவு சரியாக வரும். எந்த நிமிடம் ஆழ்ந்த தூக்கம் என்பதை நம்பி மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த எண்ணை நினைத்து நினைத்தே தூக்கம் கெடுவதற்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

10,000 அடி

தினமும் இத்தனை காலடி நடக்க வேண்டும் என்கிற இலக்கு இது. 1965-இல் ஜப்பானில் விற்ற 'மன்போ-கெய்' என்ற காலடி எண்ணும் கருவியின் பெயருக்கு அர்த்தமே 'பத்தாயிரம் காலடி அளக்கும் கருவி'. டாக்டர் எழுதிய அளவு இல்லை.

மாடி ஏறி வந்ததும் பிபி பார்ப்பது

மாடிவீட்டு அக்கா பீச் ரோட்டில் காந்தி சிலை வரை வேகமாக நடந்துவிட்டு, இரண்டு மாடி ஏறி, வந்த மூச்சோடு கையில் பட்டையைச் சுற்றுவார். 160 வரும். உடனே பயம், பயத்தில் இன்னொரு தடவை, அது 168. நடந்தோ காபி குடித்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எழுதுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். அக்காவுக்குப் பட்டையும் சின்னதுதான்.

தினமும் எடை

கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் ஏறும் ஒரு கிலோ, உப்பு பிடித்து வைத்த தண்ணீர்தான்.

தேதி

செயலியிலிருந்து இறக்கிய ஃபைலில் 03/04 என்று இருந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நாளை முதலில் எழுதிய ஃபைலை எக்செல்லில் திறக்கும்போது கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால், 12-ஆம் தேதி வரை நாளையும் மாதத்தையும் சத்தமில்லாமல் மாற்றிப் போட்டுவிட்டு, 13-லிருந்து வெறும் எழுத்தாக விட்டுவிடும். தேதிகளில் பாதி கட்டத்தின் வலது ஓரத்திலும் பாதி இடது ஓரத்திலும் ஒட்டியிருந்தால் விஷயம் இதுதான். வரைபடம் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

ஒன்பது விஷயத்தை அளப்பது

இரண்டு போதும்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி போனை நீட்டினார். நான் சொன்னபடி போட்ட 'குறிப்பு' கட்டத்தில் முதல் வரி: "பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம், ராத்திரி 1 மணி வரை பாட்டுக் கச்சேரி." மார்க் 49. மாத்திரைப் பார்சல் வந்துவிட்டதாம், பிரிக்கவில்லை. "இன்னும் ஒன்பது நாள் இருக்குண்ணே" என்றார்.