தாத்தா நிற்கிறார், பின்னால் எஞ்சின் நிற்கிறது: படம் எந்த வருஷம்?

பழைய எஞ்சின் படத்தை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் பிரேமைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பேன். அயனாவரத்தில் மாமனார் போட்ட பிரேம் கடை இது. ஒரு பக்கம் லோக்கோ ஒர்க்‌ஷாப், ஒரு பக்கம் கேரேஜ் ஒர்க்‌ஷாப், இன்னொரு பக்கம் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். சுற்றி இருப்பதெல்லாம் ரயில்வே குடும்பங்கள். கரி எஞ்சின் பக்கத்தில் யாராவது நிற்கும் படம் பாதி வீடுகளில் உண்டு. "இது எந்த வருஷம்க்கா?" என்ற கேள்வியும் அதனுடனேயே வந்துவிடும்.

எதற்கு முதுகு? அந்தக் காலத்தில் படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே பழைய செய்தித்தாளை மடித்துக் கொடுத்துத்தான் ஆணி அடிப்பார்கள். நான் பிரிக்கும்போது அந்தத் தாள் பொரிந்து உதிரும், இருந்தாலும் தூக்கி எறிய மாட்டேன். தேதி இருக்கும் தலைப்புப் பகுதி கிழிந்திருந்தாலும் சினிமா கொட்டகை விளம்பரம் தப்பியிருக்கும். அந்தப் படம் வந்த வருஷத்தைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பார். பிரேம் போட்டது கிட்டத்தட்ட அப்போதுதான். போட்டோ எடுத்தது அதற்கு முன்னால். கண்ணாடி மாற்ற நடுவில் ஒருமுறை பிரித்திருந்தால் தாளும் மாறியிருக்கும். ஆணித் துளைகள் இரட்டையாக இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துபோகும்.

வருஷம் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற முறை இவ்வளவுதான்: ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "இதற்கு முன் இல்லை", வலப்பக்கம் "இதற்குப் பின் இல்லை". படத்தில் கிடைக்கும் ஒவ்வொரு தடயமும் இரண்டில் ஒரு பக்கம் போய் உட்காரும். இடப்பக்கத்தில் கடைசி வருஷம், வலப்பக்கத்தில் முதல் வருஷம், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் படம். எஞ்சின் பெரும்பாலும் இடப்பக்கத்துக்கு மட்டுமே உதவும். 1910-ல் வந்த எஞ்சின் நாற்பது ஐம்பது வருஷம் ஓடியிருக்கும். அதனால் எஞ்சினுடைய வயதைக் கண்டுபிடித்தவுடன் படத்தின் வயது கிடைத்துவிட்டதாகத் துள்ளாதீர்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். முதலில் முகத்தைப் பாருங்கள். முன்பக்கப் பலகையில் இரண்டு ஓரத்திலும் வட்ட வட்டமாக இரண்டு பஃபர் (மோதும் அதிர்ச்சியைத் தாங்கும் குமிழ்) இருந்தால் அது அகலப் பாதை. நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ். தண்டவாளத்தை அளக்க முயற்சிப்பதைவிட இது சுலபம். வடசென்னைக் குடும்பங்களில் அகலப் பாதை என்றால் சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ், அரக்கோணம், ஜோலார்பேட்டை என்று போகும். மீட்டர் கேஜ் என்றால் எழும்பூர் பக்கம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பழைய எம்.எஸ்.எம். (மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) கம்பெனிக்கு ஹூப்ளி பக்கம் மீட்டர் கேஜும் இருந்தது. தாத்தா அங்கே சில வருஷம் இருந்தாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது சக்கரம். படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும், அதை எண்ணினால் போதும். முன்னால் சின்னது எத்தனை, கம்பியால் இணைத்த பெரியது எத்தனை, பின்னால் சின்னது எத்தனை. பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் சக்கரங்களைச் சேர்க்கக் கூடாது. இரண்டு சின்னது, மூன்று பெரியது, ஒரு சின்னது என்று வந்து, முகம் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பி, அதில் நட்சத்திரமும் இருந்தால் அது அகலப் பாதையில் பயணிகள் வண்டி இழுத்த டபிள்யூ.பி. வகை. முதல் சில வண்டிகள் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து 1947-ல் வந்தன. பெருமளவில் வந்தது 1949-க்குப் பின். வெள்ளைக்காரன் காலத்தில் தாத்தா ஓட்டியது என்று சொல்லிக்கொண்டு டபிள்யூ.பி. படத்தோடு வருகிறவர்கள் உண்டு. நான் ஒன்றும் சொல்லாமல் நட்சத்திரத்தை மட்டும் காட்டுவேன்.

ஒரு சின்னது, நான்கு பெரியது, ஒரு சின்னது, முகம் தட்டை: அகலப் பாதையில் அது டபிள்யூ.ஜி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். 1950-லிருந்து 1970 வரை செய்த சரக்கு எஞ்சின். சித்தரஞ்சன் தொழிற்சாலை தொடங்கியதே இதை வைத்துத்தான். இதே சக்கர வரிசையில் போர்க்காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து அனுப்பிய ஏ.டபிள்யூ.டி., சி.டபிள்யூ.டி. வண்டிகளும் உண்டு, 1940-களின் நடுவில் வந்தவை. கேபின் பக்கவாட்டில் எழுத்து தெரிந்தால் குழப்பமில்லை. மீட்டர் கேஜில் பயணிகளுக்கு ஒய்.பி., சரக்குக்கு ஒய்.ஜி. எக்ஸ் எழுத்தில் தொடங்குபவை 1920-களின் பிற்பகுதியில் வந்த அகலப் பாதை வகை.

பக்கவாட்டில் சிலிண்டரே தெரியாமல், சக்கரங்களை இணைக்கும் கம்பி மட்டும் தெரிந்தால் இன்னும் பழைய காலம். 1900-களின் தொடக்கத்தில் பல ரயில்வேக்களுக்கும் பொதுவாக வரையறுத்த எஞ்சின் வகைகளில் சில அப்படி. சிலிண்டர் உள்ளே ஒளிந்திருக்கும். மூன்று பெரிய சக்கரம் மட்டும் இருந்தால் சரக்கு, முன்னால் இரண்டு சின்னதும் பின்னால் இரண்டு பெரியதும் இருந்தால் பாசஞ்சர். இவற்றில் பல சுதந்திரத்துக்குப் பிறகும் ஷண்டிங்கில், அதாவது யார்டுக்குள் பெட்டிகளை நகர்த்தும் வேலையில், இழுத்துக்கொண்டிருந்தன. மறுபடி சொல்கிறேன், இடப்பக்கம் மட்டும் எழுதுங்கள்.

செய்த கம்பெனியின் பித்தளைத் தகடு தெரிந்தால் யோகம். வைர வடிவில் இருந்தால் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியாக இருக்கலாம். அந்தக் கம்பெனி உருவானதே 1903-ல்தான். தகட்டில் வருஷம் பொறித்திருக்கும், ஆனால் சின்னப் படத்தில் அது கடுகளவுதான் வரும்.

டெண்டர் எழுத்து வலப்பக்கத்துக்கும் உதவுகிற அபூர்வத் தடயம். எம்.ஆர். என்று மட்டும் இருந்தால் மதராஸ் ரயில்வே, 1908-க்கு முன். எம். அண்ட் எஸ்.எம். என்றால் 1908-க்கும் 1951-க்கும் நடுவில். எஸ்.ஐ.ஆர்., அதாவது சவுத் இந்தியன் ரயில்வே என்றாலும் கடைசி எல்லை 1951. அந்த வருஷம் ஏப்ரல் 14-ல்தான் இரண்டு கம்பெனிகளும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயின. எஸ்.சி. என்றால் தென் மத்திய ரயில்வே, 1966 அக்டோபருக்குப் பின். ஒன்று நினைவிருக்கட்டும்: பெயர் மாறிய மறுநாளே யாரும் பெயிண்ட் டப்பாவோடு ஓடவில்லை. எஞ்சின் பெரிய ஓவர்ஹாலுக்கு ஒர்க்‌ஷாப் வந்தபோதுதான் எழுத்து மாறியிருக்கும். வலப்பக்கம் எழுதும்போது ஒன்றிரண்டு வருஷம் தாராளமாக விடுங்கள்.

எழுத்திலும் ஏமாற வழி இருக்கிறது. டெண்டரில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் 'சதர்ன்' என்று முழுதாக இருந்த ஒரு படத்தை நம்ம ரயில்வே என்று கொண்டுவந்தார்கள். அது இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வே, 1923 முதல் 1947 வரை இருந்தது. யாரோ அங்கிருந்து அனுப்பிய போஸ்ட் கார்டு. ஆல்பத்தில் இருப்பதெல்லாம் குடும்பம் எடுத்த படம் கிடையாது. வியாசர்பாடியிலிருந்து வரும் படங்களில் இன்னொரு வகை உண்டு. நடுவில் ஒற்றை பஃபர், ஸ்டேஷன் பலகையில் வட்ட வட்டமாக பர்மிய எழுத்து. 1960-களில் கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்களின் பெட்டியில் இருந்தவை. வந்து இறங்கிய வருஷம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதுவே வலப்பக்கம்.

எஞ்சின் மேல் வாழைமரமும் மாலையும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப் ஆட்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டிய நாள் அது. வடசென்னையில் பெண்கள் எஞ்சின் பக்கத்தில் நிற்கும் படம் என்றால் முதலில் நான் யோசிப்பதே இதைத்தான். பாய்லர் முகத்தில் சந்தனப் பொட்டு, கீழே உடைத்த பூசணிக்காய், ஓரத்தில் பொரி வைத்த தட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றாவது சிக்கும். வருஷத்தை நெருங்கிவிட்டால் அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியையே சொல்லிவிடலாம். பின்னால் கரும்பலகையில் சாக்பீஸால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில செக்‌ஷன்களில் வருஷத்தையே எழுதி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் எஞ்சினைவிட நான் நம்புவது மடியில் இருக்கும் குழந்தையை. அது மூத்தவரா, இரண்டாமவரா? இரண்டாமவர் என்றால் மூன்றாமவர் ஏன் படத்தில் இல்லை? இன்னும் பிறக்கவில்லை. ஒரு குழந்தையின் பிறந்த வருஷம் இடப்பக்கம், அடுத்த குழந்தையின் பிறந்த வருஷம் வலப்பக்கம். இவ்வளவு நெருக்கமான எல்லையை எந்த எஞ்சினும் தராது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். பாட்டியிடம் கேட்டால் "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்பார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் வேலை விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் தேவை. எஞ்சின் அருகே நின்றவரையெல்லாம் பேரன் பேத்திகள் மெயில் டிரைவராக்கிவிடுகிறார்கள். கிளீனர், ஃபயர்மேன், ஷண்டர், அப்புறம் கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர், மெயில் என்று படி ஏறத்தான் வேண்டும். ஃபிட்டர்களும் பாய்லர் ஆட்களும் எஞ்சினோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கையில் கரி அள்ளும் ஷவல், எண்ணெய் கேன், சுத்தியல், கழிவுப் பஞ்சு, எது இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் சர்வீஸ் சர்ட்டிபிகேட்டோ பி.எஃப். சீட்டோ இருந்தால் எந்த வருஷம் எந்த வேலை என்று தெரிந்துவிடும். ரிடையர்மென்ட் குரூப் போட்டோ என்றால் கணக்கு இன்னும் சுலபம்: 1962 கடைசி வரை பெரும்பாலும் 55 வயதில் ஓய்வு, அதன்பின் 58, 1998 முதல் 60.

மேலே ஒரு பார்வை. பெரம்பூர், பேசின் பிரிட்ஜ் வெளியில் எடுத்த படத்தில் மின்கம்பி தெரிந்தால் பெரும்பாலும் 1970-களின் கடைசிக்குப் பிந்தியது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் மின்சார வண்டி வந்தது 1979-ல். எழும்பூர், தாம்பரம் தடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே 1931-லேயே கம்பி வந்துவிட்டது.

போட்டோ தாளுக்கு வந்தால், பின்னால் 'இந்து' (INDU) என்ற முத்திரை இருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாள், 1967-க்கு முன் கிடையாது. ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்பில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின், மெட்ராஸ்-12 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். ஆனால் தாள் சொல்வது பிரிண்டின் வயதைத்தான். பழைய படத்தைச் சுவரில் குத்தி வைத்து மறுபடி படம் எடுத்துப் பிரதி போடுவது ஸ்டுடியோக்களில் வாடிக்கை. நான்கு மூலையிலும் குண்டூசித் தலை, அல்லது படத்துக்குள்ளேயே இன்னொரு ஓரத்தின் நிழல் தெரிந்தால் அது பிரதி. அப்போது தாளை விட்டுவிட்டுப் படத்துக்குள் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஊட்டி ரயில் படம் கொண்டுவந்தால் எஞ்சினை வைத்து நான் வருஷமே சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் மலையில் நீராவி எஞ்சின் இன்றும் ஓடுகிறது. சட்டைக் காலரும் கிருதாவும்தான் அங்கே தடயம். அதேபோல 1855-ல் செய்த ஈ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற நீராவி எஞ்சின் பெரம்பூர் லோக்கோவில் உயிர் பெற்று 2010 ஆகஸ்ட் 15-ல் சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. அதன் முன் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் பார்ப்பவர் கொள்ளுத்தாத்தா காலம் என்று நம்பிவிடுவார். சக்கரம், பஃபர், முகம் எல்லாம் நேரில் பார்த்துப் பழக வேண்டுமென்றால் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே ரயில் மியூசியம் இருக்கிறது. கையில் உங்கள் படத்தின் நகலோடு போங்கள்.

கடைசியாக, படத்தைக் கையாள்வது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். மேலே வைத்த குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். உள்ளங்கையளவு படத்துக்கு 1200 டி.பி.ஐ. வேண்டும், கடையில் 300-ல் எடுத்துக் கொடுத்தால் எஞ்சின் நம்பர் கரைந்துபோகும். பின்னால் எழுதியது மங்கியிருந்தால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அழிந்த பென்சில் எழுத்தின் பள்ளம் தெரியும். கண்டுபிடித்ததைப் படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் புடைத்துவிடும். மெல்லிய பென்சிலில் ஓரமாக "1951–54, ஆயுத பூஜை, மடியில் இருப்பது பெரியப்பா" என்று எழுதி, அதைச் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கோடு போட்ட அந்தத் தாளையும் மடித்து பிரேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்து யாராவது பிரிக்கும்போது பழைய செய்தித்தாளோடு அதுவும் அவர்கள் கைக்குக் கிடைக்கும்.