சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே ஆங்கில இலக்கிய ஆய்வுப் பட்டம்: எங்கே தொடங்குவது?

போன மாதம் பசார் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரேக்குக் காத்திருந்தபோது, முன்பு என்னிடம் டியூஷன் படித்த பெண் வந்து உட்கார்ந்தாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டாள். "டீச்சர், இங்கிலிஷ் லிட்டரேச்சர்ல மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி பண்ணணும். ஃபாரம் எங்க கிடைக்கும்?" என்றாள். நானும் ஒரு காலத்தில் ஃபாரத்தில்தான் ஆரம்பித்தேன், ஒரு வருடம் வீணானது. ஃபாரம் நான்காவது வேலை. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1. எந்த வகைப் படிப்பு?

நம் மலேசியாவில் முதுகலை மூன்று வகையில் நடக்கிறது: வகுப்புக்குப் போய் பாடம் படிப்பது, பாதி பாடம் பாதி ஆய்வு, முழுக்க ஆய்வு. முழு ஆய்வில் வகுப்பு மிகக் குறைவு. ஒரு மேற்பார்வையாளர், ஒரு ஆய்வேடு, மற்ற நேரமெல்லாம் நீங்களும் புத்தகமும்தான். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் பகுதிநேரமாகப் பதிந்துகொள்ளலாம்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை பட்டப்படிப்பில் சிஜிபிஏ (எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த தரப்புள்ளிச் சராசரி) 2.75 என்பது பொதுவான எல்லை. அதற்குக் கீழே, 2.50 வரை, பல்கலைக்கழகம் தனியாக மதிப்பிட்டு எடுக்கலாம். அதற்கும் கீழே போனால் தொடர்புடைய துறையில் 5 வருட வேலை அனுபவம் கேட்பார்கள். சில இடங்களில் இன்னும் கூடுதலாகக் கேட்பதும் உண்டு.

2. தலைப்பு: இங்கேதான் நேரம் போகும், போகட்டும்

என் முதல் தலைப்பு 'மலேசிய ஆங்கில நாவல்களில் இந்தியர்கள்'. அது தலைப்பே இல்லை, நூலக அலமாரியின் பெயர்.

அடுத்தது 'கே.எஸ். மணியம் நாவல்களில் தோட்டத் தமிழர்'. மணியம் ஆங்கிலத்தில் எழுதிய மலேசிய எழுத்தாளர், 1942-இல் கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு அங்கேயே பாடம் நடத்தியவர். நமக்கு நெருக்கமான எழுத்து, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட நாவல்கள். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு அதுவும் அகலம்தான்.

மூன்றாவதாக ஒரே நாவலுக்கு வந்தேன்: 1981-இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்'. அதில் கதை சொல்லும் ரவியின் பாட்டி பெரியத்தாய் வீடு கட்டுகிறாள். பிறகு அப்பா நைனாவும் வீடு கட்டுகிறார். இருவருக்குமே நிலம் சொந்தமில்லை. அங்கிருந்துதான் கேள்வி பிறந்தது: பத்திரம் இல்லாத மண்ணில் வீடு கட்டுவது இந்த நாவலில் என்ன வேலை செய்கிறது? அது உரிமை கொண்டாடுவதா, வேண்டுதலா, பிடிவாதமா?

அலமாரியிலிருந்து நாவலுக்கு, நாவலிலிருந்து ஒரு பொருளுக்கு, பொருளிலிருந்து கேள்விக்கு என்று இறங்கி வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. கேள்வி தேறுமா என்று பார்க்க, நாவலைத் திறந்து அதற்குச் சாட்சி சொல்லும் இடங்களை எண்ணுங்கள். பத்து இடம்கூடத் தேறாவிட்டால் விட்டுவிடுங்கள். பிறகு, இதை மறுத்து ஒருவர் பேச முடியுமா என்று யோசியுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள் என்றால் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த ஆங்கிலத்துக்கு அடியில் ஓடும் தமிழ் காதில் விழும். பெரியத்தாய் பேசும் வரியைப் படிக்கும்போதே நம் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கிழவி எந்தத் தொனியில் சொல்லியிருப்பாள் என்று தெரிந்துவிடும். அது பெரிய பலம், ஆனால் அதை அப்படியே ஆதாரமாக வைக்க முடியாது. என் முதல் வரைவில், தோட்டத்தில் காலையில் பேரெடுக்கும் பிரட்டுக்களத்தைப் பற்றியும் என் பாட்டியைப் பற்றியும் இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் ஓரத்தில், "நல்ல கதை. கேள்வி எங்கே?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அவர் சொன்னது சரி. பாட்டியின் குரல் எந்த வாக்கியத்தில், எந்தச் சொல் வரிசையில் கேட்கிறது என்று காட்டினால்தான் ஆய்வு.

3. மேற்பார்வையாளரைத் தேடுவது

துறையின் இணையப்பக்கத்தில் ஒவ்வொரு விரிவுரையாளரும் எதில் ஆய்வு செய்கிறார் என்று இருக்கும். அதைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் ஒரே கடிதத்தைப் பதினோரு பேருக்கு அனுப்பினேன், 'இலக்கியத்தில் ஆர்வம் உள்ளது' என்று. பதில் வந்தது ஒன்று, அதுவும் விடுப்பில் இருப்பதாக. பிறகு முறையை மாற்றினேன். நான் யார் என்று ஒரு வரி, என் கேள்வி இரண்டு வரி, அவர் எழுதிய கட்டுரையில் நான் படித்தது எது, அது என் கேள்வியை எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி, இணைப்பாக ஒரு பக்கக் குறிப்பு. மூன்று பேருக்கு அனுப்பினேன், இருவர் பதில் போட்டார்கள்.

ஓய்வு பெறும் ஆண்டையும் நாசூக்காகக் கேட்டுவிடுங்கள். என் முதல் மேற்பார்வையாளர் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார். அவர் மேல் குறை இல்லை, நான்தான் கேட்கவில்லை.

4. முன்மொழிவும் ஃபாரமும்

முன்மொழிவில் வேண்டியவை: கேள்வி, மற்றவர்கள் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள், அதில் எது விடுபட்டிருக்கிறது, நீங்கள் எந்தக் கோட்பாட்டை வைத்து எப்படி வாசிக்கப் போகிறீர்கள், அத்தியாயப் பிரிவு, கால அட்டவணை. பின்காலனியம், புலம்பெயர்வு போன்ற சொற்களை அலங்காரத்துக்குச் சேர்க்காதீர்கள். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறதென்றால் அந்தச் சொல் தேவையில்லை. மேற்பார்வையாளர் தலையசைத்த பிறகு ஃபாரம் அரை மணி நேர வேலை.

5. இங்கிருந்தே படிப்பது

நம் ஊரில் ஆய்வு நூலகம் இல்லை. ஆனால் ரயில் நிற்கிறது. வடக்கே பட்டர்வொர்த் போய் ஃபெரியில் பினாங்கு ஏறினால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். தெற்கே கோலாலம்பூரில் தேசிய நூலகம், மலாயாப் பல்கலைக்கழகம். நான் மாதம் ஒரு சனிக்கிழமை போய், வேண்டியதைப் படம் பிடித்துக்கொண்டு வருவேன்.

மற்ற நாட்களுக்கு இணையம் போதும். மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் 'சவுத்ஈஸ்ட் ஏஷியன் ரிவ்யூ ஆஃப் இங்கிலிஷ்' இதழும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் '3எல்' இதழும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் கேள்வியை முன்பே யாராவது கேட்டுவிட்டார்களா என்று அங்கேதான் தெரியும்.

6. குறிப்பும் எழுத்தும்

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மேற்கோளும் பக்க எண்ணும் பதிப்பும், வலப்பக்கம் அது எதற்கு என்று ஒரு வரி. பதிப்பை எழுத மறந்ததால், பழைய பதிப்பின் பக்க எண்களையும் மறுபதிப்பின் எண்களையும் கலந்துவிட்டு, ஒரு அத்தியாயத்தின் அத்தனை மேற்கோள்களையும் திரும்பத் தேடினேன். தீபாவளி விடுமுறை முழுக்க அதிலேயே போனது. ஸொட்டீரோ என்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே நூல்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். மேற்கோளையும் நூற்பட்டியலையும் எழுத இலக்கியத்தில் பெரும்பாலும் எம்எல்ஏ என்ற முறைதான், துறை வேறு ஏதும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சமர்ப்பிப்பும் வாய்மொழித் தேர்வும்

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு தேர்வாளர்கள் படித்து அறிக்கை எழுதுவார்கள், பிறகு நேரில் கேள்வி. பலருக்கும் ஏதாவது ஒரு திருத்தத்தோடுதான் தேர்ச்சி கிடைக்கிறது. கலங்க வேண்டாம். உங்கள் பிரதியில் அத்தியாயவாரியாக நிறச்சீட்டு ஒட்டி எடுத்துப் போங்கள். "பக்கம் 47-இல் நீங்கள் சொல்வது..." என்று கேட்பவர் முன் பக்கம் தேடித் தடுமாறக் கூடாது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுச் சுருக்கத்தை மலாயிலும் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி இரவில் கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். வீட்டைப் பற்றிய ஆய்வில், நான் ஆங்கிலத்தில் எழுதிய 'ஹோம்' எல்லாமே 'ருமா', அதாவது வெறும் கட்டடமான வீடு, ஆகியிருந்தது. தேர்வாளர் பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'கம்போங் ஹலமான்?' (சொந்த ஊர்) என்று எழுதியிருந்தார். முதல் இரண்டை மாற்றினேன். மூன்றாவது நைனாவின் வீடு, அதை ருமாவாகவே விட்டுவிட்டு, ஏன் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.