ஜெர்மனியின் ப்ளூ கார்டு: விண்ணப்பிக்கும் முன்பே நேரும் தவறுகள்

ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து பணி நியமனக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், விசா கைக்கு வருமுன்பே பலர் இங்குள்ள வேலையை ராஜினாமா செய்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் விண்ணப்பிப்பதற்கான அடிப்படை மட்டுமே. பட்டமும் சம்பளமும் விதிகளுக்குப் பொருந்தினால்தான், தகுதி பெற்ற வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதியான ப்ளூ கார்டு கிடைக்கும். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இரண்டில்தான் எழுகின்றன.

முதலில் பட்டம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் 'அனாபின்' என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் தம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று கண்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த மதிப்பீடு வேறு, பட்டத்துக்குக் கிடைத்த மதிப்பீடு வேறு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள், தம் பட்டச் சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகம் எது என்று பார்த்து அதன் பெயரிலும் தேட வேண்டும். பட்டம் அங்கே இல்லையென்றால், பான் நகரிலுள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று பெறலாம். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், வேலை தேடத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது என்பேன். தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு மட்டும், கடந்த 7 ஆண்டுகளுக்குள் குறைந்தது 3 ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால், பட்டம் இல்லாமலும் வழி உண்டு.

அடுத்தது சம்பளம். குறைந்தபட்ச வரம்பு ஆண்டுதோறும் ஜனவரியில் மாறுகிறது. 2024இல் ஆண்டுக்கு 45,300 யூரோவாக இருந்தது 2025இல் 48,300 ஆயிற்று. பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற ஆள்பற்றாக்குறைத் துறைகளுக்கு 2025இன் வரம்பு 43,759.80 யூரோவாக இருந்தது. ஆகவே, பழைய ஆண்டின் தொகையை நம்பிச் சம்பளம் பேசியவர், ஜனவரி பிறந்ததும் சில நூறு யூரோ குறைவால் தகுதியை இழக்கக்கூடும். உறுதியளிக்கப்படாத போனஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஷெங்கன் சுற்றுலா விசாவில் சென்று, அங்கேயே அதை வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியக் குடிமக்கள் புறப்படுவதற்கு முன்பே, நீண்டகாலம் தங்குவதற்கான தேசிய விசா பெற்றிருக்க வேண்டும்.

அங்கு சென்றபின், முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறுபவர்கள் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. புதிய வேலை நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, அந்த மாற்றத்தை 30 நாள் வரை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவ்வலுவலகத்துக்கு உண்டு. ஜெர்மன் மொழியைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது: மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால், மொழியின் இடைநிலையான பி1 முடித்தவர் 21 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமை கோரலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் முடித்தவர் 27 மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, தேவையில்லாமல் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ப்ளூ கார்டு பெற்றவரின் கணவனோ மனைவியோ விசாவுக்காக ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டியதில்லை. அங்கு சென்றதும் வேலை பார்க்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு.