சாமியாருங்க வைன் பண்ற தீவு: கான்ல இருந்து சரியான போட்ல ஏறுவது எப்படி

பிரான்ஸ்ல கான் ஊருக்கு எதிர்ல சேன்ட் ஒனோரான்னு ஒரு குட்டித் தீவு. நீளம் ஒன்றரை கிலோமீட்டர்தான், கார் கிடையாது. கி.பி. 410 வாக்குல ஆரம்பிச்ச மடம் அங்க இருக்கு, 1869ல இருந்து சிஸ்டர்ஷியன்ங்கற கத்தோலிக்கத் துறவி சபை சாமியாருங்க இருக்காங்க, ஜெபம் போக மிச்ச நேரத்துல சுமார் 8 ஹெக்டேர்ல திராட்சை போட்டு வைன் பண்றாங்க. நீஸ்ல இருந்து டிரெயின் பிடிச்சு கான் ஸ்டேஷன்ல இறங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா துறைமுகத்துக்கு வந்துடறேன்.

ஸ்டெப் 1: போட். இங்கதான் நான் கோட்டை விட்டேன். ஸ்டேஷன்ல இருந்து நடந்து பழைய துறைமுகத்தோட மேற்குப் பக்கம் கே லோபெஃப்ங்கற துறைக்கு வரணும். அங்க வரிசையா டிக்கெட் கவுண்டர், எல்லாத்துலயும் தீவுப் படம். நான் மொத கவுண்டர்லயே "தீவுக்கு ஒண்ணு"ன்னு கேட்டு வாங்கி ஏறிட்டேன், இறங்கின அப்புறம்தான் தெரிஞ்சுது அது பக்கத்துல இருக்கற பெரிய தீவு சேன்ட் மார்கரீத்னு. முகமூடி போட்டு, யாருன்னே தெரியாம வெச்சிருந்ததா கதை கதையா சொல்ற இரும்பு முகமூடிக் கைதிய அடைச்சு வெச்ச கோட்டை இருக்கே, அந்தத் தீவு. கோட்டை நல்லாதான் இருந்துச்சு, ஆனா நான் வந்தது அதுக்கில்லையே! சரி, இங்கருந்து அங்க ஒரு போட் இருக்கும்னு காட்டுக்குள்ள நடந்து தெக்குக் கரைக்குப் போனா, எதிர்ல ஒனோரா மரமெல்லாம் தெரியுது, நடுவுல கொஞ்சூண்டு தண்ணி, பணக்காரங்க படகா நிக்குது, ஆனா ரெண்டு தீவுக்கும் நடுவுல போட் சர்வீஸே கிடையாது. திரும்ப கான் வந்து, இன்னொரு டிக்கெட் எடுத்து, பாதி நாள் போச்சு. தப்பு என்னோடதுதான், டிக்கெட்டுல மார்கரீத்னு பெருசா போட்டிருந்துச்சு, நான்தான் படிக்கல.

அதனால: பிளனாரியான்னு பேர் போட்ட கவுண்டருக்கு மட்டும் போங்க. ஒனோராவுக்குப் போறது அந்த போட்தான். டிக்கெட் கைக்கு வந்ததும் பேரப் படிங்க. கடைசி போட் எத்தனை மணிக்குன்னு அங்கயே போட்டோ எடுத்துக்கோங்க, சீசனுக்கு சீசன் மாறும். போட்ல உக்காந்தா 20 நிமிஷத்துக்குள்ள தீவு.

ஸ்டெப் 2: வைன் டேஸ்டிங். நேர்ல போய் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, மடத்து வெப்சைட்ல முன்னாடியே புக் பண்ணுங்க. தோள், தொடை மூடற மாதிரி டிரஸ், இது பீச் ரிசார்ட் இல்ல. சத்தம் போடாதீங்க. திராட்சைக் கொடி வரிசைக்கு நடுவுல சில்வண்டு சத்தமும் மடத்து மணியும் மட்டும்தான் கேக்குது, அங்க நாம போன்ல ஸ்பீக்கர் போட்டுப் பேசினா நல்லாவா இருக்கும்.

ஒவ்வொரு வைனுக்கும் ஒரு புனிதர் பேரு. சிவப்புல சிரா திராட்சைல பண்றதுதான் எல்லாரும் புகழ்றது, எனக்கென்னவோ கிளேரெட்ங்கற வெள்ளைத் திராட்சை கலந்த வெள்ளை வைன் சேன்ட் பியர்தான் பிடிச்சுது, அந்த வெயிலுக்கு சில்லுனு அதுதான் இறங்கும். விலை கம்மி இல்ல, சொல்லிட்டேன்.

ஸ்டெப் 3: சுத்திட்டு வந்து வாங்குங்க. மொதல்லயே பாட்டில் வாங்கி வெயில்ல தூக்கிட்டு அலைஞ்சா வைன் சூடாகிக் கெட்டுப்போகும், தோளும் போயிடும். கடலோரமா இருக்கற பழைய கோட்டை மடம், பீரங்கிக் குண்ட பழுக்கக் காய்ச்சின அடுப்பு, எல்லாம் பாத்துட்டு போட்டுக்கு அரை மணி முன்னாடி கடைக்குப் போங்க.

அப்டேட்: ஊருக்குக் கொண்டு வரலாமான்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டுட்டீங்க. வரலாம், ஆனா ஹேண்ட் லக்கேஜ்ல விடமாட்டான், செக்-இன் பெட்டிதான். இந்தியாவுக்குள்ள டியூட்டி இல்லாம ஒரு ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் ரெண்டுன்னா ஒன்றரை லிட்டர், மூணாவது வெச்சா 2.25, மாட்டிக்குவீங்க. மடத்துல லெரினான்னு மூலிகை லிக்கரும் பண்றாங்க, அரை லிட்டர் பாட்டில் கிடைச்சா கணக்கு கரெக்டா இருக்கும். பேக்கிங்குக்கு பபிள் ராப்பெல்லாம் வேஸ்ட். பாட்டில ஒரு பாலிதீன் கவர்ல கட்டி, ஜீன்ஸ் கால் ஒண்ணுக்குள்ள விட்டு, இன்னொரு கால அது மேல சுத்தி பெட்டிக்கு நடுவுல வைங்க. ரெண்டும் வீட்டுக்கு முழுசா வந்துச்சு.

இன்னொரு அப்டேட்: மே மாசம் போறவங்க, கான்ல ஃபிலிம் ஃபெஸ்டிவல் நடக்கற தேதியப் பாத்துட்டு ரூம் போடுங்க. பழைய துறைமுகத்துப் பக்கத்துலயேதான் அது நடக்குது.